ஒன்பதடிச் சரிவு

எடப்புளி நாடு, கொல்லிமலை
16.10.2023

மதிப்பிற்குரிய சபீரா அக்கா அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் குடும்பத்தாரும் நலம்தானே? இங்கே நானும் அப்பாவும் நலம். ஒரு வாரமாக மழை விடவில்லை, மற்றபடி குறையொன்றும் இல்லை.

என்னை உங்களுக்குத் தெரியாது. இரண்டு வருடம் முன்பு எங்கள் பக்கத்துத் தோட்டத்துக் கண்ணாயி அக்காவின் மாட்டுக் கொட்டகைக்குத் தரை போட உங்கள் கடையிலிருந்துதான் மெஷின் வந்தது. அந்தத் தரையில் இன்றுவரை ஒரு வெடிப்பு இல்லை. விலாசம் அவரிடம் வாங்கினேன்.

எங்களுக்கு மிளகும் காப்பியும் சேர்ந்து மூன்று ஏக்கர். வீட்டு முன்னால் இருக்கும் களம் வெறும் மண். சாணம் மெழுகித் தார்ப்பாய் விரித்துத்தான் மிளகு காயவைக்கிறோம். வருகிற அறுவடைக்குள் அதைக் கான்கிரீட் தரையாக்க வேண்டும். களம் நாற்பதுக்கு இருபத்தைந்து அடி. அதிலிருந்து ஒரு பக்கம் வீட்டு வாசலுக்கும் இன்னொரு பக்கம் மிளகுக் கொட்டகைக்கும் தரை ஒட்டியே போக வேண்டும். நடுவில் எங்கும் படி கூடாது, கட்டைவிரல் உயர மேடு கூடக் கூடாது. தண்ணீர் வடிய வாட்டம் வேண்டும், ஆனால் தெரியாத வாட்டம். மட்டமாக இருக்க வேண்டும், வழுக்கவும் கூடாது.

இதற்கு எந்த மெஷின் வாடகைக்கு எடுக்கலாம்? எங்கள் ஊர்க் கொத்தனார் மட்டப்பலகையே போதும் என்கிறார். அவர் போட்ட தரைகளைப் பார்த்திருக்கிறேன். மழை பெய்தால் அதில் வாத்து வளர்க்கலாம்.

போன் செய்யாமல் எழுதுவதைத் தவறாக நினைக்காதீர்கள். எங்கள் தோட்டத்தில் சிக்னல் இல்லை. அப்பாவுக்குக் காது மந்தம், போனில் ஒன்றும் விளங்காது. காலை பஸ் கண்டக்டர் சின்னுசாமியிடம் பதிலைக் கொடுத்தால் அப்பா வாங்கிக்கொள்வார்.

இப்படிக்கு,
வெ. வித்யாஸ்ரீ

*

காளப்பநாயக்கன்பட்டி
21.10.2023

அன்புத் தங்கை வித்யாஸ்ரீக்கு,

அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கும் அப்பாவின் சுகத்துக்கும் துஆ செய்கிறேன்.

சின்னுசாமி கவரை நீட்டியதும் கோர்ட் நோட்டீஸ் என்று பயந்துவிட்டேன். எனக்குக் கடிதம் வந்து எத்தனை வருஷமாகிறது! வாத்து வளர்க்கிற இடத்தைப் படித்துவிட்டு நானும் தம்பி ஷாகிரும் சிரித்தோம். என் மெஷின்களை ஓட்டுவது ஷாகிர்தான். என் வீட்டுக்காரர் பக்ருதீன் மவுத்தான பிறகு கடையை மூடிவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். நான் மூடவில்லை. இன்றைக்கும் சில பேர் வாசலில் நின்று, "ஏனுங்க, ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா?" என்பார்கள். "மெஷின் இருக்குதுங்க, அது போதுங்களா?" என்பேன்.

சரி, தரைக்கு வருகிறேன். முதலில் மண்ணை இடித்து இறுக்குகிற மெஷின் கட்டாயம் வேண்டும். அடி இறுகாவிட்டால் மேலே என்ன போட்டாலும் ஒரு மழைக்காலத்தில் பிளந்துவிடும். நாலு இஞ்ச் கனம்தான் என்றால் கலவைக்குள் விடுகிற நீடில் வைப்ரேட்டர் தேவையில்லை. எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள், நானும் வாடகைக்கு ஆசைப்பட்டுக் கொடுத்துவிடலாம், ஆனால் உங்களுக்கு வேண்டாம். பலகை வைப்ரேட்டர் போதும். நீளப் பலகை, மேலே சின்ன பெட்ரோல் இன்ஜின். கலவை மேல் வைத்து இரண்டு பேர் இழுத்துக்கொண்டே வந்தால் அமுங்கி மட்டமாகிவிடும்.

கடைசியில் பவர் ட்ரவல். ஃபேன் மாதிரி நாலு இறக்கை. கான்கிரீட் இறுகி வரும்போது அதை ஓட்டினால் தரை கண்ணாடி. முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். மாவட்டத்திலேயே எங்கள் கடைத் தரைக்குத்தான் அந்தப் பேர். மிளகு கூட்டி அள்ளும்போது ஒரு மணி தங்காது.

ஆனால் மெஷினைக் கடிதத்தில் பார்க்க முடியுமா? ஒரு நாள் காலை பஸ்ஸுக்கு இறங்கி வாருங்கள். சாயங்காலம் திரும்பிவிடலாம். மத்தியானச் சாப்பாடு என் வீட்டில்.

அன்புடன்,
சபீரா

*

எடப்புளி நாடு
2.11.2023

அன்புள்ள சபீரா அக்காவுக்கு,

நலம். உங்கள் நலமும் ஷாகிர் அண்ணன் நலமும் அறிய ஆவல். அப்பாவுக்கு இருமல் வந்து இப்போது தேவலை.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். மண் இடிக்கும் மெஷினும் பலகை வைப்ரேட்டரும் எடுத்துக்கொள்கிறேன். பவர் ட்ரவல் வேண்டாம். எங்கள் ஊர்ப் பனியை நீங்கள் தையில் பார்த்திருக்க மாட்டீர்கள். விடிந்து வெகு நேரம் வரைக்கும் தரையெல்லாம் தண்ணீர் தெளித்த மாதிரி இருக்கும். கண்ணாடித் தரையில் அது விழுந்தால் ஆடு கூட நிற்காது. கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே புதுச் சீமாறால் குறுக்கே ஒரு இழுப்பு இழுத்துக் கோடு போட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிறேன். சரிதானா?

இன்னொன்று. வீட்டுத் தரை களத்தைவிட ஒன்பது இஞ்ச் உயரம். வாசலில் இருக்கும் படியை எடுத்துவிட்டு, ஒன்பதடி நீளத்துக்குச் சரிவு போட வேண்டும். அதற்குக் குறையக் கூடாது.

கீழே வரச் சொன்னதற்கு நன்றி. இப்போது முடியாது அக்கா. காப்பிப் பழம் பறிக்கிற நேரம், அப்பா தனி.

அன்புடன்,
வித்யாஸ்ரீ

*

காளப்பநாயக்கன்பட்டி
9.11.2023

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். தீபாவளி நெருங்கிவிட்டது, என் வாழ்த்துகள். சின்னுசாமியிடம் கொஞ்சம் அல்வா கொடுத்திருக்கிறேன். வழியில் அவர் பங்கு எடுக்காமல் இருந்தால் வந்து சேரும். அப்பாவின் இருமலுக்குச் சுடுதண்ணீரில் மிளகு தட்டிப் போடுங்கள் என்று எழுத வந்தேன், உங்களிடமே மிளகைப் பற்றிச் சொல்வதா என்று விட்டுவிட்டேன்.

உங்கள் சரிவைப் படித்துவிட்டு ஷாகிர் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஒம்பது இஞ்சுக்கு ஒம்பதடியா? வாசல் முன்னால அத்தனை எடத்தை யாராச்சும் வீணாக்குவாங்களாக்கா? மூணடி போதும்" என்கிறான். மூட்டை தள்ளுகிற வண்டிக்காகக் கேட்கிறீர்களா? அப்படியென்றால் நாலடி வைத்துக்கொள்ளலாம், ஆம்பிளைகள் ஏற்றிவிடுவார்கள்.

சீமாறு இழுப்பது ரோட்டுக்குப் போடுவது தங்கச்சி. வீட்டு முன்னால் அப்படிப் போட்டால் பார்க்கிறவர்கள் சபீரா கடை மெஷினா இது என்று கேட்பார்கள். உங்கள் பக்கத்து ஆட்களெல்லாம் மேட்டுப் பாறை மேல் ஏறி நின்று எனக்கு போன் செய்கிறார்கள். நீங்களும் ஒரு தரம் ஏறி வந்து பேசினால் இதையெல்லாம் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடலாம். கடிதத்தில் உங்களோடு சண்டை போட்டால் பதில் வரப் பத்து நாள் ஆகிறது!

அன்புடன்,
சபீரா

*

எடப்புளி நாடு
28.11.2023

அன்புள்ள அக்கா,

நலமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். அல்வா முழுதாக வந்தது, சின்னுசாமி நல்லவர். அப்பா இரண்டு நாள் வைத்து வைத்துச் சாப்பிட்டார்.

ஆமாம், வண்டிக்குத்தான். ஆனால் அதை ஏற்றிவிட இங்கே ஆம்பிளைகள் இல்லை. தள்ளுகிறவர் தனியாக, மூச்சு வாங்காமல், யாரையும் கூப்பிடாமல் ஏற வேண்டும். அதனால் ஒன்பதடிதான். ஷாகிர் அண்ணன் கையைத் தலையிலிருந்து எடுக்கட்டும்.

சீமாறையும் விட மாட்டேன். உங்கள் கடைப் பேர் கெட்டால் ஊர்க் கொத்தனார் போட்டது என்று சொல்லிவிடுகிறேன்.

உங்களோடு சண்டை போடுவது எனக்குப் பிடித்திருக்கிறது. வேறு யாரும் இப்போதெல்லாம் என்னோடு சண்டைக்கு வருவதில்லை.

முள்ளுக்குறிச்சியில் என் அண்ணன் தனசேகரன் இருக்கிறார். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு எங்களைக் கீழே வந்துவிடச் சொல்கிறார். அப்பாவுக்கும் அதே எண்ணம்தான். இந்தத் தரை போட்டு ஒரு அறுவடை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று அப்பாவிடம் கெஞ்சித் தவணை வாங்கியிருக்கிறேன். அதனால் தை பிறக்குமுன் வேலை முடிய வேண்டும்.

ஜனவரி முதல் வாரம் நான் ஒரு வேலையாகச் சேலம் போகிறேன், வரப் பத்து நாளாகும். அந்தச் சமயத்திலேயே போட்டுவிட்டால் எனக்கும் சௌகரியம். அளவெல்லாம் தாளில் எழுதி அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

அன்புடன்,
வித்யாஸ்ரீ

*

காளப்பநாயக்கன்பட்டி
17.1.2024

அன்புத் தங்கைக்கு,

பொங்கல் நல்லபடியாக ஆச்சா? சேலத்திலிருந்து சுகமாக வந்து சேர்ந்தீர்களா? எங்கள் ஊர் வழியாகப் போவீர்கள், கடையில் இறங்குவீர்கள் என்று நெய்ச்சோறு ஆக்கலாம் என்று இருந்தேன். முள்ளுக்குறிச்சி வழியாகப் போய்விட்டீர்கள் போலிருக்கிறது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். சொல்லிவிட்டேன், இனி இல்லை.

இந்நேரம் தரையைப் பார்த்திருப்பீர்கள். ஒன்பதடிச் சரிவு, தாளில் எழுதியபடி அரை இஞ்ச் மாறாமல் போடச் சொன்னேன். ஆனால் ஒன்று செய்தேன், கோபிக்கக் கூடாது. ஷாகிரிடம் பவர் ட்ரவலையும் கொடுத்தனுப்பினேன். வாடகை கிடையாது, என் அன்பளிப்பு. சரிவையும் களத்தின் முன்பாதியையும் கண்ணாடியாக்கச் சொன்னேன். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் பார்க்கிற இடம் அல்லவா? பின்பாதியில் உங்கள் சீமாறு. ஷாகிர் உங்கள் அப்பாவிடம் கேட்டானாம், "முன்னால பளபளன்னு போட்டரலாமுங்களா?" என்று. அவரும் தலையாட்டினாராம்.

வெயிலில் அது எப்படி மின்னுகிறது என்று போனில் படம் எடுத்து வந்து காட்டினான். இருபது வருஷத்தில் இப்படி ஒரு தரை எங்கள் மெஷின் போட்டதில்லை. எப்படி இருக்கிறது என்று உடனே எழுதுங்கள்.

அன்புடன்,
சபீரா

*

எடப்புளி நாடு
25.1.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

தரை பார்த்தேன். மிகவும் நேர்த்தியாக வந்திருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் புகழ்கிறார்கள். உங்களுக்கும் ஷாகிர் அண்ணனுக்கும் என் நன்றி.

மிளகு பறிக்கத் தொடங்கிவிட்டோம். அதனால் அதிகம் எழுத முடியவில்லை.

இப்படிக்கு,
வித்யாஸ்ரீ

*

காளப்பநாயக்கன்பட்டி
20.2.2024

அன்புத் தங்கைக்கு,

இங்கே சுகம். அங்கே சுகமா என்று கேட்டு இரண்டு தரம் சின்னுசாமியிடம் சீட்டு எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை. அப்பாவும் பஸ்ஸடிக்கு வருவதில்லை என்கிறார்.

உங்கள் போன கடிதத்தை எடுத்து எடுத்துப் படிக்கிறேன். "மிகவும் நேர்த்தியாக வந்திருக்கிறது." இது வித்யாஸ்ரீ எழுதுகிற எழுத்தா? வாத்து எங்கே, சண்டை எங்கே? "இப்படிக்கு" என்று வேறு போட்டிருக்கிறீர்கள், முதல் கடிதத்தில் மாதிரி.

நான் ஏதோ தப்பு செய்திருக்கிறேன். என்னவென்று தெரியவில்லை. கேட்காமல் பவர் ட்ரவல் அனுப்பியதா? தரை வெடித்துவிட்டதா? எதுவானாலும் என்னைத் திட்டி இரண்டு வரி எழுதுங்கள். திட்டு வாங்கினால் எனக்கு நிம்மதி.

உங்கள்
சபீரா

*

எடப்புளி நாடு
26.2.2024

சபீரா அம்மாவுக்கு வித்யாவின் தகப்பன் வெங்கிடுசாமி எழுதுவது.

கும்பிடுங்க. நீங்கள் எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்க. அம்முணிக்கு இப்போது எழுத முடியாது, வலது கை மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது. நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது.

அவள் உங்களிடம் சொல்லவில்லை என்று உங்கள் கடிதங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லைங்க. போன வருசம் மாசியில் மிளகு பறிக்கும்போது நடந்தது. மேகம் கட்டிக்கொண்டு வந்தது. மரம் ஏறுகிற ஆள் வரவில்லை. ரெண்டு மரம்தானே என்று அவளே ஏறினாள். ஏணியைக் கீழே பிடித்துக்கொண்டிருந்தது நான். ஏணி சறுக்கியது. முதுகெலும்பு போய்விட்டது. நாலு மாசம் ஆஸ்பத்திரியில் இருந்தோம். ஜனவரியில் சேலம் போனதும், உட்கார்ந்தே இருந்து வந்த புண்ணுக்கு வைத்தியம் பார்க்கத்தான்.

அவள் வண்டி என்று எழுதியது அவள் உட்காருகிற சக்கர நாற்காலியைத்தான். தரை போட்டால் தானே உருட்டிக்கொண்டு களத்துக்குப் போவேன், மிளகு காயவைப்பேன், யாரும் தூக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்த மாசம் பத்தாம் தேதி காலையில் பனி பெய்து சரிவெல்லாம் ஈரம். நான் மாட்டிடம் இருந்தேன். அதுவரை நான்தான் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தேன், அன்றைக்குத் தனியாக இறங்கியிருக்கிறாள். பளபளப்பில் சக்கரம் நிற்கவில்லை. வண்டி தானாக ஓடிக் கொட்டகைத் தூணில் மோதிச் சாய்ந்துவிட்டது. அவள் கூப்பிட்டிருக்கிறாள். என் காதுக்குக் கேட்கவில்லைங்க.

உங்கள் மேல் தப்பு இல்லை. உங்கள் தம்பி என்னமோ கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரும்பக் கேட்கக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிட்டேன்.

தோட்டத்தைக் குழந்தைசாமிக்குக் குத்தகை விடுவதாகப் பேசிவிட்டேன். பங்குனி கடைசியில் மகன் ஊட்டுக்குப் போகிறோம். உங்கள் கடிதம் வந்தால் மட்டும் அவள் முகம் மாறுகிறது. அதனால் எழுதினேன்.

வெங்கிடுசாமி

*

காளப்பநாயக்கன்பட்டி
1.3.2024

வித்யா கண்ணு,

உன் சுகத்தை எப்படி விசாரிப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. இனிமேல் நீங்கள், வாருங்கள் எல்லாம் கிடையாது. அப்பா எழுதினார். அவரைக் கோபிக்காதே.

கடிதத்தைப் படித்துவிட்டு ஷாகிரிடம் கொடுத்தேன். அவன் படித்துவிட்டுப் பவர் ட்ரவலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான், அன்றைக்கு எங்கேயும் வேலைக்குப் போகவில்லை. எனக்கு முதலில் உன் மேல்தான் கோபம் வந்தது. ஒரு வரி சொல்லியிருந்தால் நான் அந்த மெஷினை வண்டியிலேயே ஏற்றியிருக்க மாட்டேனே என்று. அப்புறம் உன் கடிதங்களை எடுத்து வரிசையாகப் படித்தேன். ஆடு கூட நிற்காது என்று எழுதியிருக்கிறாய். யாரையும் கூப்பிடாமல் ஏற வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம் என்று இரண்டு தரம் எழுதியிருக்கிறாய். நீ நடந்தால் என்ன, நடக்காவிட்டால் என்ன, வேண்டாம் என்றால் வேண்டாம்தானே? எனக்குத் தெரியாதா என்று நான்தான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, பத்தாம் தேதி, நோன்பு பிறக்குமுன் நானும் ஷாகிரும் வருகிறோம். தரையின் மேல்தோலைச் சுரண்டி எடுக்கிற மெஷின் ஒன்று இருக்கிறது. பளபளப்பைக் கொன்றுவிடும். சரிவில் மட்டும் குறுக்கே மெல்லிசாகக் கோடு வெட்டலாம். கோடு ஆழமானால் முன்சக்கரம் மாட்டிக்கொள்ளுமா? எத்தனை இஞ்சுக்கு ஒன்று வேண்டும்? எனக்குத் தெரியாது. நீ சொல்கிற மாதிரி செய்வோம். கையால் எழுத முடியாதென்றால் யோசித்து வை. நேரில் சண்டை போடலாம்.

உன்
சபீரா அக்கா

*

எடப்புளி நாடு
12.4.2024

என் சபீரா அக்காவுக்கு,

நேற்று பெருநாள் நன்றாக நடந்திருக்கும். என் வாழ்த்தும் அப்பாவின் வாழ்த்தும். கைக்கட்டு அவிழ்த்துவிட்டார்கள். எழுத்துக் கோணல்மாணலாக வருகிறது, இருந்தாலும் முதல் கடிதம் உங்களுக்குத்தான்.

அன்றைக்கு நீங்கள் வந்தபோது நான் சரியாகப் பேசவில்லை. சொல்ல வேண்டியதை இப்போது சொல்லிவிடுகிறேன். அடிபட்ட பிறகு என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில்தான் பேசினார்கள். "இப்ப எப்படியிருக்குது சாமி?" என்பார்கள், பிறகு என்னை விட்டுவிட்டு அப்பாவிடம் பேசுவார்கள். நீங்கள் ஒருத்தர்தான் நாலடி போதும் என்று என்னிடம் அடம்பிடித்தீர்கள். ஒரு தரம் தெரிந்துவிட்டால் நீங்களும் அந்தக் குரலுக்கு மாறிவிடுவீர்கள் என்று பயந்தேன். அதனால்தான் வண்டி என்று எழுதினேன். நீங்கள் வந்த மினி லாரிச் சத்தம் கேட்ட அன்றும் அதே பயம்தான், உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளலாமா என்று கூட இருந்தது.

நீங்கள் வந்து இறங்கி, என்னிடம் ஒரு வார்த்தை விசாரிக்காமல் தரையைப் பார்த்தீர்கள். "ஒரு குடம் தண்ணி கொண்டாங்க" என்றீர்கள். சரிவில் ஊற்றினீர்கள். "எந்திரி, இல்ல இல்ல, எறங்கு. நான் உக்கோந்து பார்க்கோணும்" என்று என்னைக் கட்டிலுக்கு மாற்றச் சொல்லிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். ஷாகிர் அண்ணன், "அக்கா, வேண்டாங்க்கா" என்று கைப்பிடியை விடவே இல்லை. "உடுடா" என்றீர்கள். விட்டார்.

நாற்காலியில் இருந்ததால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. நீங்கள் "யா அல்லாஹ்!" என்று கத்திக்கொண்டே சறுக்கிப் போனதையும், ஷாகிர் அண்ணன் வழுக்கி விழுந்து எழுந்து பின்னாலேயே ஓடியதையும், அப்பா தூணுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மாடு மறிப்பது போல நின்றதையும் வாசல் கட்டிலில் இருந்து நான் பார்த்தேன். அப்பா உங்களைப் பிடித்து நிறுத்தியபோது உங்கள் முகம் வெளுத்துப்போயிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அக்கா. மரியாதையில்லாமல், வயிறு வலிக்கச் சிரித்தேன். ஒரு வருடமாக இந்த வீட்டில் அந்தச் சத்தம் இல்லை. அப்பாவுக்கு அது கேட்டது. எப்படிக் கேட்டதோ தெரியாது, திரும்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். விரற்கடைக்கு ஒரு கோடா, அரையடிக்கு ஒரு கோடா என்று நாம் போட்ட சண்டையில் ஷாகிர் அண்ணன் டீ குடிக்கப் போய்விட்டார். என் நான்கு இஞ்ச்தான் சரி. முன்சக்கரம் மாட்டவில்லை, மழை பெய்த அன்றும் நின்றது. களத்தின் சுரண்டிய பாதி இப்போது சாம்பல் நிறத்தில் பார்க்க ஒன்றுமேயில்லாமல் கிடக்கிறது. உங்கள் கடைக்கு ஒரு பெருமையும் கிடையாது.

கட்டு இருக்கும்போதே இடது கையாலும் வலது முழங்கையாலும் தள்ளிப் பழகினேன். இப்போது இரண்டு கையும் உண்டு. நீங்கள் வந்து போன பிறகு பறித்த மிளகு அத்தனையும் நானே காயவைத்தேன். நீளப் பிடி போட்ட பலகையை மடியில் சாய்த்து, சக்கரத்தை ஒரு தள்ளு, பலகையை ஒரு இழு. காலையில் பரப்புவேன், வெயில் ஏற ஏறக் கிளறுவேன். பச்சை கறுத்துச் சுருங்கி வரும்போது கிளம்புகிற வாசனையைப் போன வருடம் நான் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் தவறவிட்டேன்.

பங்குனி கடைசி வாரம் அண்ணன் ஜீப்போடு வந்தார், சாமான் ஏற்றத்தான் என்று நினைத்தேன். நான் களத்தில் இருந்தேன். வெகு நேரம் வாசலில் நின்று பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுச் சரிவில் மேலும் கீழுமாக நடந்தார். மதியம் சாப்பிட்டார். "மழைக்கு முன்னால கொட்டகைக் கூரையை மாத்தோணும், ஆள் அனுப்பறேன்" என்றார். ஜீப்பில் ஒரு மூட்டை மிளகை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கீழே வருவதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்டால் எங்கே நினைவு வந்துவிடுமோ என்று கேட்கவும் இல்லை.

முந்தாநாள்தான் விளங்கியது. குத்தகைக்கு எடுப்பதாக இருந்த குழந்தைசாமி வந்து களத்தில் நின்று சத்தம் போட்டார். "ஏனம்முணி, உங்கப்பன் பேச்சு மாறலாமா? கோயில் நோம்பி முடிஞ்சு வேலைக்கு எறங்கலாமுன்னு இருந்தேன். அந்தப் பாய் ஊட்டு அம்மா வந்துட்டுப் போன மறுநாள் காலையில வந்து, 'இல்லீங்க, தோட்டம் குடுக்கறதா இல்லீங்க'ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் பார்க்காம போயிட்டாருங்க."

நீங்கள் வந்து போன மறுநாள். நான் இன்னும் கையில் கட்டோடு இருந்தேன். ஒரு மிளகைக்கூடத் தொட்டிருக்கவில்லை. ஒரு மாதம் அப்பா என்னிடம் வாயைத் திறக்கவில்லை அக்கா. நானானால் ஒவ்வொரு நாளும் இதுதான் கடைசி என்று நினைத்துக்கொண்டு கிளறிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அப்பா மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். பக்கத்தில் போய்க் காதோடு கத்தினேன்.

"ஏனுங்கப்பா, குழந்தைசாமிகிட்டச் சொன்னதை எங்கிட்டச் சொல்லலீங்க?"

அவர் மாட்டைக் கட்டினார். தண்ணீர் காட்டினார். கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு களத்துக்கு வந்து குனிந்து, கோடு வெட்டிய இடத்தை உள்ளங்கையால் ஒரு தடவு தடவினார்.

"இத்தனை நல்ல தரையை உட்டுட்டு எங்க சாமி போறது?" என்றார்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஷாகிர் அண்ணனுக்கு விழுந்த இடத்தில் வலி போய்விட்டதா என்று எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
வித்யா